சிட்னி இரட்டையர்

வீரர் இருவருள் யார் பெரியவர் என்னும் வினா மிகப் பழையது. போர்க்களத்திலே அது ஒரு பகலில் தீர்ந்துவிடும். விளையாட்டுக் களத்திலோ அத்துணை எளிதில் தீர்வதில்லை. ஒருவர் எழும் வேளையில் மற்றவர் தளர்ந்திருப்பார். முப்பது வயதில் ஒருவர் பெற்ற வெற்றியையும் இருபது வயதில் வேறொருவர் பெற்ற வெற்றியையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தல் நீதியாகாது. இதனாலே டெனிஸ் ஆட்டத்தின் வரலாற்றை ஆராய்வோர் ஓர் உபாயத்தைக் கையாள்வர். இருவரும் ஒரே வயதில் நின்ற நிலையை எடுத்து ஒப்புநோக்குவர். இருபத்தொரு வயதில் இவர் பெற்ற பட்டங்கள் எத்தனை, அதே வயதில் அவர் பெற்றவை எத்தனை என்று கேட்பர்.

அண்மைக் காலத்தில் ஸ்பெயின் நாட்டு ரபாயெல் நடாலையும் சேர்பிய நாட்டு நோவாக் ஜோக்கோவிச்சையும் இவ்வாறே ஒப்பிட்டனர். அவுஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், ஐக்கிய அமெரிக்கா ஆகிய நான்கு இடங்களில் ஆண்டுதோறும் நிகழும் போட்டிகளே டெனிஸ் உலகின் பெரும் போட்டிகள். தமது 23 ஆவது பிறந்த நாளன்று நடாலிடம் இப்பெரும் பட்டங்கள் ஆறு இருந்தன. ஜோக்கோவிச்சிடம் அதே வயதில் இருந்தது ஒன்றே ஒன்று. அன்று தீர்ப்புக் கூறியிருந்தால் அது ஒருதலையாகவே முடிந்திருக்கும். ஆனால் 2024 ஆம் ஆண்டில் நடால் ஓய்வு பெற்றபோது கணக்கு அவருக்கு 22, ஜோக்கோவிச்சுக்கு 24 என நின்றது. அளக்கும் கொத்து ஒன்றேயாயினும், எந்த நாளில் அளப்பது என்பதிலேதான் வழக்கு முழுவதும் கிடக்கிறது.

இவ்வழக்கை ஆராய்வதற்கு வரலாற்றிலே இவர்களினும் பொருத்தமான ஓர் இணை உண்டு. கென் ரோஸ்வோல் 1934 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆந் தேதி அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே பிறந்தார். லூ ஹோட் அதே ஆண்டு, அதே மாதம் 23 ஆந் தேதி, அதே நகரிலே பிறந்தார். இருவருக்கும் இடையே இருபத்தொரு நாள். சாதகம் கணிப்பவரும் இருவர் வாழ்வையும் ஏறக்குறைய ஒன்றாகவே எழுதியிருப்பார். பத்திரிகைகளும் இவர்களைச் ‘சிட்னி இரட்டையர்’ என்றே அழைத்தன.

ஆனால் இந்த இரட்டையரிடையே முகச்சாயலும் இல்லை, குணச்சாயலும் இல்லை. ரோஸ்வோலின் தந்தை மளிகை வணிகர். டெனிஸ் களங்களை வைத்து நடத்தியவர். மகன் இயல்பாகவே இடக்கையன் என்பதைக் கண்டும், வலக்கையில் மட்டையைக் கொடுத்துப் பழக்கினார். வளர்ந்தபின் ரோஸ்வோலின் உயரம் ஐந்தடி ஏழு அங்குலமே. மெலிந்த உடல். தோழர்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயர் ‘மசில்ஸ்’, அதாவது தசை திரண்டவர் என்பது! கேலிப் பெயர் என்பதைக் கூற வேண்டியதில்லை. ஹோடின் தந்தை டிராம் வண்டிச் சேவையில் வேலை பார்த்தவர். தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த கிளீப் என்னும் பகுதியில் அவர்களது வீடு. வீட்டின் பின்புறத்தே இருந்த டெனிஸ் கழகத்தில் பந்து பொறுக்கிக் கொடுக்கும் சிறுவனாக ஹோட் ஆட்டத்தைக் கற்றார். மணிக்கட்டும் முன்கையும் இரும்பு போன்றவை. பந்தை அவர் அடித்தால் எதிரியின் கையிலுள்ள மட்டை அதிரும்.

ஏறக்குறையப் பன்னிரண்டு வயதில் இருவரும் முதன்முதலாக எதிர்நின்றனர். ரொக்டேல் என்னுமிடத்தில் பெரியோரின் காட்சியாட்டம் ஒன்றற்கு முன்னோடியாக அச்சிறுவர்களை ஆடவிட்டனர். ரோஸ்வோல் 6–0, 6–0 என வென்றார். அந்த வயதில் கணக்கெடுப்பவருக்கு ஐயமே எழாது. ஒரு கேம்கூடப் பெறாத சிறுவனை யார் வருங்கால வீரனென மதிப்பர்?

எனினும் சில ஆண்டுகளுள் ஹோட் சமமாக நிமிர்ந்துவிட்டார். அவுஸ்திரேலிய அணியின் தலைவர் ஹரி ஹொப்மன் இருவரையும் தம் கண்காணிப்பில் வளர்த்தார். 1953 ஆம் ஆண்டில் இருவரும் பதினெட்டு வயது இளைஞர். அவ்வாண்டு ரோஸ்வோல் அவுஸ்திரேலியப் பட்டத்தையும் பிரெஞ்சுப் பட்டத்தையும் ஒற்றையர் ஆட்டத்தில் வென்றார். அவருடன் இணைந்து ஆடிய ஹோட் அவுஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன் மூன்றிலும் இரட்டையர் பட்டங்களைப் பகிர்ந்துகொண்டார். ஒற்றையர் பட்டியலில் ஹோடின் பெயர் இன்னும் ஏறவில்லை.

ஆயினும் அந்த ஆண்டின் முடிவில் மக்கள் நெஞ்சில் இடம்பிடித்தவர் ஹோட்தான். மெல்பேர்ண் நகரின் கூயோங் அரங்கிலே டேவிஸ் கிண்ணத்துக்காக அவுஸ்திரேலியாவும் ஐக்கிய அமெரிக்காவும் மோதின. முதல் நாள் ஹோட் வென்றார். ரோஸ்வோல் ரோனி டிராபேர்ட்டிடம் தோற்றார். இரட்டையர் ஆட்டத்துக்குத் தேர்வாளர் ரோஸ்வோலை விலக்கி, ரெக்ஸ் ஹார்ட்விக்கை ஹோடுடன் இறக்கினர். விம்பிள்டனை வென்ற இணையைப் பிரித்த இம்முடிவு பெருங் கண்டனத்துக்குள்ளானது. ஆட்டமும் தோல்வியில் முடிந்தது. அமெரிக்கா 2–1 என முன்னின்றது. இனி ஓர் ஆட்டம் தவறினாலும் கிண்ணம் பறிபோகும். பதினேழாயிரத்துக்கு மேற்பட்டோர் பார்த்திருக்க, மழையில் நனைந்த புற்றரையில் ஹோட் டிராபேர்ட்டை எதிர்த்தார். முதல் செற் 13–11 வரை நீண்டது. முதலிரண்டு செற்களை வென்ற ஹோட் அடுத்த இரண்டையும் இழந்தார். வழுக்கி விழுந்து கிடந்த ஹோடின் மேல் ஹொப்மன் ஒரு துவாயை எறிந்து வேடிக்கை செய்தாராம். இளைஞர் சிரித்துக்கொண்டே எழுந்தார். ஐந்தாம் செற்றை 7–5 என வென்றார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. அதன்பின் விக் சேய்க்சாஸை வீழ்த்திக் கிண்ணத்தை உறுதிசெய்தவர் ரோஸ்வோல். முடிவான வெற்றி அவருடையது. ஆனால் காலமெல்லாம் பேசப்பட்டது ஹோடின் ஆட்டம். இவ்விருவர் வாழ்விலும் இது பலமுறை நிகழ்ந்தது.

1954 ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதியில் ரோஸ்வோல் யரோஸ்லாவ் டுரோப்னியிடம் தோற்றார். அவ்வாண்டு டேவிஸ் கிண்ணமும் அமெரிக்கரிடம் போயிற்று; அடுத்த ஆண்டே மீட்கப்பட்டது. 1955 இல் அவுஸ்திரேலிய இறுதியாட்டத்தில் ரோஸ்வோல் ஹோடை நேர் செற்களில் வென்றார். ஆகவே 1955 நவம்பரில் இருவரும் தத்தம் 21 ஆவது பிறந்த நாளைக் கண்டபோது கணக்கு இது: ரோஸ்வோலுக்கு மூன்று பெரும் ஒற்றையர் பட்டங்கள், ஹோடுக்கு ஒன்றுமில்லை.

அதற்கடுத்த எட்டு மாதங்களில் உலகம் தலைகீழாயிற்று. 1956 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவுஸ்திரேலிய இறுதியில் ஹோட் ரோஸ்வோலை வென்றார். பாரிசில் சுவீடன் நாட்டு ஸ்வென் டேவிட்சனை வென்றார். யூலையில் விம்பிள்டன் இறுதியில் மீண்டும் எதிர்நின்ற ரோஸ்வோலை 6–2, 4–6, 7–5, 6–4 என வென்றார். மூன்று பட்டங்கள்! ஒரே ஆண்டில் நான்கையும் வெல்வதைக் கிராண்ட் ஸ்லாம் என்பர். அதுவரை ஆடவருள் அதைச் சாதித்தவர் 1938 ஆம் ஆண்டின் டொன் பட்ஜ் ஒருவரே. நியூயோர்க்கின் பொறஸ்ட் ஹில்ஸ் அரங்கில் ஹோட் இறுதியாட்டம்வரை வந்தார். புகழின் கொடுமுடிக்கும் அவருக்கும் இடையே ஒரே ஓர் ஆட்டம் எஞ்சியிருந்தது. எதிரே நின்றவர், பன்னிரண்டு வயதில் ரொக்டேலில் நின்ற அதே ரோஸ்வோல்.

முதல் செற் 6–4 என ஹோடுக்கு. அதன்பின் ரோஸ்வோலின் பின்கை அடி வேலையைத் தொடங்கியது. வேகமற்ற, தாழ்ந்து சறுக்கிச் செல்லும் அந்த அடி டெனிஸ் வரலாற்றிலே தலைசிறந்தவற்றுள் ஒன்றென இன்றும் கருதப்படுகிறது. வலையை நோக்கிப் பாய்ந்து வரும் ஹோடின் காலடியிலே பந்து இறங்கிற்று. அல்லது அவர் எட்டாத மூலையிலே கடந்து சென்றது. அடுத்த மூன்று செற்களும் 6–2, 6–3, 6–3 என ரோஸ்வோலுக்கு. அவ்விருவரும் அதே போட்டியில் இணைந்து இரட்டையர் பட்டத்தையும் பெற்றனர் என்பதையும் மறக்கலாகாது. தோழனுக்கு வாழ்நாளில் ஒருமுறையே வாய்த்த பெருமையைத் தோழனே தடுத்தார். இருவரிடையே இதனால் பகை எதுவும் வளரவில்லை.

அவ்வாண்டு முடிவில் ரோஸ்வோல் தொழில்முறை ஆட்டக்காரரானார். ஹோட் மேலும் சில மாதம் அமெச்சூராக நின்று, 1957 யூலையில் மீண்டும் விம்பிள்டனை வென்றார். இறுதியாட்டத்தில் அஷ்லி கூப்பர் மொத்தம் ஐந்து கேம்களே பெற்றார். ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. புற்றரையில் அதனினும் நிறைவான ஆட்டத்தைக் கண்டதில்லை என்று அன்று பார்த்தோர் பலர் கூறினர். உடனே ஹோடும் தொழில்முறைக்குச் சென்றார். ரோஸ்வோலுக்குக் கிடைத்த உத்தரவாதத் தொகை 65,000 டொலர். ஹோடுக்கு 1,25,000 டொலர். இரு தொகைகளும் ஒரே காலவரைக்கு உரியனவல்ல. ஆயினும் சந்தை யாரை உயர்வாக மதித்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பட்டியலைப் பார்த்தாலோ வேறு செய்தி தெரிகிறது. இருவரும் அமெச்சூர் வாழ்வை நீங்கியபோது ரோஸ்வோலுக்குப் பெரும் பட்டங்கள் நான்கு, ஹோடுக்கும் நான்கு. சரிசமம். ஒருவருக்கு விம்பிள்டன் இரண்டு. மற்றவருக்கு விம்பிள்டன் இல்லை என்பதே வேறுபாடு.

இங்கே கணக்குப் புத்தகமே மூடப்படுகிறது. அக்காலத்தில் ஆட்டத்துக்குப் பணம் பெறுவதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டவருக்கு நான்கு பெரும் போட்டிகளிலும் இடமில்லை. செலவுத் தொகை என்ற பெயரில் அமெச்சூர்கள் பலர் மறைமுகமாகப் பணம் பெற்றது எல்லோரும் அறிந்த இரகசியம். வெளிப்படையாகப் பெற்றவரே தண்டிக்கப்பட்டனர். 1957 முதல் 1967 வரை நடந்த 44 பெரும் போட்டிகளில் ஒன்றிலேனும் ரோஸ்வோல் ஆடவில்லை. இருபத்திரண்டு வயது தொடக்கம் முப்பத்து மூன்று வரை, ஓர் ஆட்டக்காரரின் விளைச்சற் காலம் முழுவதும், பதிவேட்டில் வெறும் வெண்தாள். ஒரே வயதை ஒப்பிடுவோர் இந்த வெண்தாளைப் பூச்சியம் என்று வாசித்தால் அது பெரும் பிழையாகும்.

ஆனால் வெண்தாளுக்கு அப்பால் வேறொரு பரீட்சை நடந்தது. அன்றைய தொழில்முறை உலகின் அரசர் பஞ்சோ கொன்சாலஸ் என்னும் அமெரிக்கர். புதிதாக வருபவர் எவரும் ஊர் ஊராகச் சென்று, இரவிரவாக அவருடன் பொருதல் வேண்டும். இருபத்திரண்டு வயதில், 1957 இல், ரோஸ்வோல் அவருடன் 76 ஆட்டங்கள் ஆடி 26 இல் வென்றார். இருபத்து மூன்று வயதில், 1958 இல், ஹோட் 87 ஆட்டங்கள் ஆடி 36 இல் வென்றார். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே எதிரி. இதைவிட நேரான ஒப்பீடு கிடைப்பதரிது. ஹோட் ஒரு கட்டத்தில் 18–9 என முன்னின்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாம் தமது உச்சத் திறனுடன் ஆடும்போதும் தம்மை வெல்லக்கூடியவர் ஹோட் ஒருவரே என்று கொன்சாலஸ் பிற்காலத்தில் சொன்னதும் இதனாலேதான். இந்த வயதில், இந்தத் தராசில், ஹோடின் தட்டே தாழ்கிறது.

அந்த 18–9 ஏன் 36–51 ஆயிற்று? விடை ஹோடின் முதுகில் இருந்தது. 1954 அளவில் தாமே வகுத்துக்கொண்ட பளுப் பயிற்சியொன்றே காரணம் எனக் கூறப்பட்டது. காரணம் எதுவாயினும், முதுகு நோவு அவரை விடவில்லை. வலி இல்லாத நாளில் அவரை நிறுத்த எவராலும் முடியாது. வலி வந்த நாளில் குனிந்து பந்தெடுப்பதே அரிது. வலுவற்ற எதிரியிடம் அவருக்கு ஊக்கம் குன்றுவதும் உண்டு. ரோஸ்வோலோ எந்நாளும் ஒரே அளவாக ஆடுபவர். சிற்றுடல், சுருங்கிய அசைவு, வீண்போகாத அடி. இளமையில் குறையெனக் கருதப்பட்ட மெலிவே பின்னர் அவருக்குக் காப்பாயிற்று என்று கொள்வதில் தவறில்லை.

தொழில்முறை உலகின் மூன்று முதன்மைப் போட்டிகள் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இலண்டன் வெம்பிளியிலும் நடந்தன. 1957 முதல் 1966 வரை ரோஸ்வோல் அவற்றுள் பதினைந்து பட்டங்களை வென்றார். ஹோட் ஒன்றும் வெல்லவில்லை. இவ்விரு எண்களை மட்டும் சொல்வது ஹோடுக்கு அநீதி. ரோஸ்வோலின் அப்பதினைந்தில் ஐந்து இறுதியாட்டங்களில் எதிரே நின்று தோற்றவர் ஹோடே. 1962 ஆம் ஆண்டு வெம்பிளி இறுதியில் மூன்றாம் செற் 15–13 வரை சென்றது. நோவுடன் ஆடிய ஒருவர் இறுதிவரை வந்துகொண்டேயிருந்தார் என்பது சிறு செய்தியன்று.

1963 தொடக்கத்தில் இன்னொரு பரீட்சை. முந்திய ஆண்டில் கிராண்ட் ஸ்லாம் வென்ற ரொட் லேவர், அவுஸ்திரேலியாவின் புதிய வீரர், 24 வயதில் தொழில்முறைக்கு வந்தார். சிட்னி இரட்டையருக்கு அப்போது வயது 28. லேவருடன் ஆடிய முதல் எட்டு ஆட்டங்களிலும் ஹோட் வென்றார். ரோஸ்வோல் பதின்மூன்றில் பதினொன்றை வென்றார். இருபத்தெட்டாம் வயதிலும் ஹோட் சில வாரங்களுக்கு உலகில் எவரையும் அடக்கக்கூடியவராகவே இருந்தார். வாரங்கள் மாதங்களாகும்போதுதான் ரோஸ்வோல் முன்னே சென்றார். அவ்வாண்டு முழுமைக்கும் முதலிடம் அவருடையதே.

1968 ஏப்பிரலில் தடை நீங்கியது. இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் நடந்த முதல் திறந்த போட்டியை வென்றவர் ரோஸ்வோல். சில வாரங்களின்பின் பாரிசில் லேவரை வென்று பிரெஞ்சுப் பட்டத்தைப் பெற்றார். அங்கே அவர் முன்னர் வென்று பதினைந்து ஆண்டு கழிந்திருந்தது. அதே கோடையில் விம்பிள்டனுக்குத் திரும்பிய ஹோட் மூன்றாம் சுற்றுடன் வெளியேறினார். இருவருக்கும் வயது 33. ஒருவருக்கு மறுபிறப்பு, மற்றவருக்கு ஏறக்குறைய முடிவு.

பின்வந்த வெற்றிகள் பெரிதும் அறியப்பட்டவை. 1970 இல், 35 வயதில், அமெரிக்கப் பட்டம்; முன்னையதற்கும் இதற்கும் இடையே பதினான்கு ஆண்டு. 1971 இலும் 1972 இலும் அவுஸ்திரேலியப் பட்டம். 1972 சனவரி 3 ஆந் தேதி மல் அண்டர்சனை வென்றபோது ரோஸ்வோலுக்கு வயது 37 ஆண்டும் இரண்டு மாதமும். போட்டிகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டபின் அதற்கு மேற்பட்ட வயதில் ஆடவர் ஒற்றையர் பெரும் பட்டத்தை 2025 ஆம் ஆண்டு முடியும்வரை வேறெவரும் வெல்லவில்லை. பிற்காலத்து ரொஜர் பெடரர், ஜோக்கோவிச் ஆகியோரும் 36 வயதுவரையே வந்தனர். இவ்வாறு ரோஸ்வோலின் பெரும் பட்டங்கள் எட்டாயின. ஹோடின் நான்கு நான்காகவே நின்றன.

விம்பிள்டன் மட்டும் ரோஸ்வோலுக்குக் கிட்டவேயில்லை. 1954, 1956, 1970, 1974 ஆகிய நான்கு இறுதியாட்டங்களில் தோற்றார். கடைசி முறை அவருக்கு வயது 39; எதிரே நின்ற ஜிம்மி கொனர்ஸுக்கு 21. ரோஸ்வோல் தமது முதல் விம்பிள்டன் இறுதியை ஆடியபோது கொனர்ஸ் இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை. அன்றைய தோல்வி இரக்கமற்றது: 6–1, 6–1, 6–4. பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் அதே புற்றரையில் ஹோட் கூப்பரை வீழ்த்தியதை நினைவில் வைத்திருந்தோர், இளமைக்கு எதிரே நிற்பது என்றால் என்ன என்பதை இம்முறை ரோஸ்வோலின் பக்கத்திலிருந்து பார்த்தனர்.

இருவரையும் 22 வயதில் நிறுத்திப் பார்ப்போர் ஹோடையே பெரியவர் என்பர். அவர்கள் சொல்வதில் உண்மையுண்டு. 37 வயதில் நிறுத்திப் பார்ப்போர் ரோஸ்வோலைச் சொல்வர், அதிலும் உண்மையுண்டு. ஆனால் 37 வயதில் ஹோட் முன்னணியில் இல்லை. ஒருவருக்கு முதுகு இடங்கொடுக்க, மற்றவருக்கு அது இடங்கொடாதபோது, ஆண்டுக் கணக்கு இருவருக்கும் ஒன்றாகாது. இருபத்தொரு நாள் இடைவெளியில் பிறந்த இருவரும் உண்மையில் ஒரே வயதில் இருந்த காலம் மிகக் குறைவே. 1953 முதல் 1958 வரை என்று அதனை வரையறுக்கலாம். அக்காலத்துள் ஓர் ஆட்டத்தைத் தெரிந்தெடுக்க வேண்டின், பொறஸ்ட் ஹில்ஸ் இறுதியாட்டத்தையே தெரிந்தெடுக்க வேண்டும். அன்று ஹோட் தமது வாழ்வின் உச்சியில் இருந்தார், வென்றவர் ரோஸ்வோல்.

ரோஸ்வோல் 1977 இல் ஹொங்கொங் நகரிலே தமது கடைசிப் பட்டத்தை வென்றபோது வயது 43. அப்போது ஹோட் தம் மனைவி ஜெனியுடன் ஸ்பெயினின் தென்கரையில், புவென்கிரோலாவுக்கு அருகே, டெனிஸ் பயிற்சிக் களம் நடத்திவந்தார். 1980 இல் இருவரும் ஒரே ஆண்டில் அனைத்துலக டெனிஸ் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டனர். குருதிப் புற்றுநோயால் வருந்திய ஹோட் 1994 யூலை 3 ஆந் தேதி, தமது 59 ஆவது வயதில், ஸ்பெயினிலே காலமானார். அன்று ஞாயிற்றுக்கிழமை, விம்பிள்டனில் ஆடவர் இறுதியாட்டம் நடந்த நாள்.